சூரியன் எந்தப் பக்கத்தால் வந்தது?

சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மட்டக்களப்பில் கல்லடிக்குத் தெற்கே உள்ள ஒரு சிறிய வாசிகசாலையில், நான் எழுதிக்கொண்டிருந்த சிறுவர் கதை ஒன்றின் முதல் அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை படிக்கும் பதினெட்டுப் பேர் பாயில் இருந்தார்கள். கல்லடியில் வாழும் மலர் என்ற சிறுமி, தன் பெத்தாவுடன் (பாட்டியுடன்) தோணியில் ஏறி வாவியின் அக்கரைக்குப் போவதுதான் கதை. அதன் முதற் பந்தியை மட்டும் மூன்று வாரம் இழைத்திருந்தேன். "வாவியின் வெள்ளி நீர்ப்பரப்பிலிருந்து பொற்கதிர்களை வீசியவாறு எழுந்துகொண்டிருந்த செங்கதிரோன், கரையோரக் கண்ணா மரங்களின் பச்சைப் பசேலென்ற இலைகளில் படிந்திருந்த பனித்துளிகளை முத்துக்களாக மாற்றிக்கொண்டிருந்த அந்த இனிய காலைப்பொழுதில்" என்று அது தொடங்கியது. மூச்சு எடுப்பதற்காக நான் நிறுத்திய இடத்தில், முன்னால் இருந்த பொடியன் ஒருவன் கையை உயர்த்தினான்.

"ரீச்சர், எங்கட பக்கம் சூரியன் கடலாலதானே வாறது? வாவிக்குள்ள போய்த்தானே விழுறது?"

அவன் சொன்னது சரி. கல்லடி, கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணற் பட்டி. அங்கே நின்று பார்ப்பவருக்குச் சூரியன் கடலால் எழும், வாவிக்கு அப்பால் படும். இதைச் சொல்வதற்கு மட்டக்களப்பாருக்குப் புத்தகமும் தேவையில்லை, திசைகாட்டியும் தேவையில்லை. வாவியின் கிழக்குப் புறத்துக்கு எழுவான்கரை என்றும் மேற்குப் புறத்துக்குப் படுவான்கரை என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான ஒரு நீர்நிலையின் இரண்டு கரைகளையும், சூரியன் எங்கே எழுகிறது, எங்கே படுகிறது என்ற இரண்டு வினைகளால் அடையாளப்படுத்திய அந்தப் பெயர் தெரியாத மனிதர்கள், என்னுடைய மூன்று வார உழைப்பை ஒரு சொல்லில் தோற்கடித்துவிட்டார்கள். எழுவான்கரையிலேயே பிறந்து வளர்ந்த நான், சூரியனை வாவிக்குள்ளிருந்து எழுப்பியிருந்தேன். காரணம் எளியது. நான் வாவியைப் பார்த்து எழுதவில்லை. இதற்கு முன் வாசித்த காலை வருணனைகளைப் பார்த்து எழுதியிருந்தேன். அவற்றில் நீர்நிலை இருந்தால் சூரியன் அதிலிருந்துதான் எழும்.

திசைப் பிழையைத் திருத்துவது பெரிய வேலை அல்ல. பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கேட்ட கேள்விதான் என்னைக் கூடுதலாக வருத்தியது. "அந்தப் பிள்ளை எப்ப ரீச்சர் தோணியில ஏறும்?" என்று அவள் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள். கதையை நான் தொடங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்; அவளோ, கதை தொடங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

சிறுவர் கதையில் வருணனை எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு இருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். வருணனை பிள்ளைகளுக்குப் பிடிக்காது, நிகழ்ச்சிகளை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் போதும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பிள்ளைகளைப் போல ஒன்றை உற்றுப் பார்ப்பவர்கள் கிடையாது. ஒரு நண்டு வளைக்கு முன்னால் அரை மணித்தியாலம் குந்தியிருக்கக்கூடியவர்கள் அவர்கள். கதையை நிறுத்திவைத்துவிட்டு, "இப்போது எல்லோரும் இந்த அழகைப் பாருங்கள்" என்று எழுத்தாளர் சொல்லும் இடத்தில்தான் அவர்களுக்குச் சலிப்பு வருகிறது.

இதில் தமிழுக்கென்றே ஓர் இடர் இருக்கிறது. நம்முடைய மொழியில் அடைகள் எல்லாம் பெயருக்கு முன்னால் வரும். முற்றுவினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். "முழங்கால் வரை நனைந்த, விளிம்பில் சிவப்புக் கரை ஓடிய, பெத்தாவின் பழைய சேலையில் வெட்டித் தைத்த பாவாடை" என்று எழுதினால், பாவாடை என்ற சொல் வந்து சேரும் வரை, நனைந்தது எது, கரை ஓடியது எதில் என்று தெரியாமல், பிள்ளை அத்தனை அடைகளையும் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். பழகிய வாசகரின் கண் முன்னால் ஓடிப் பெயரைப் பிடித்துவிடும். காதால் கேட்கும் பிள்ளைக்கும், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கும் அந்த வசதி இல்லை. என்னுடைய முதல் வாக்கியத்தில் செங்கதிரோன் வருவதற்கு முன்பே ஆறு சொற்கள் இருந்தன. வாக்கியம் முடிவதற்கு இன்னும் எத்தனை இருந்தன என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

இதற்கு நான் கண்ட மருந்து, பெயரை முதலில் கொண்டுவந்து வைத்துவிடுவது. "மலரின் பாவாடை முன்பு பெத்தாவின் சேலையாக இருந்தது. அந்தச் சேலையின் சிவப்புக் கரை இன்னும் விளிம்பில் ஓடியது. இப்போது அது முழங்கால் வரை நனைந்துவிட்டது." செய்தி அதேதான். ஆனால் முதற் சொற்களிலேயே பாவாடை பிள்ளையின் கைக்கு வந்துவிடுகிறது. பிறகு வருபவற்றை அதன்மேல் அடுக்கிக்கொள்ளலாம். பெத்தாவின் சேலைக்கு ஒரு கடந்த காலமும், பாவாடைக்கு ஒரு நிகழ்காலமும் கிடைத்துவிட்டதால் அது ஒரு சிறிய கதையாகவும் ஆகிவிடுகிறது. நீளமான வாக்கியத்துக்கு நான் எதிரி அல்ல, இதை வாசிப்பவர்களுக்கு அது இதற்குள் தெரிந்திருக்கும். பிள்ளைக்கு எழுதும்போது நீளத்தை வினைகளால் வளர்க்கலாம்: ஓடி, விழுந்து, எழுந்து, மண்ணைத் தட்டி, யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்து என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டு போனால், எவ்வளவு நீண்டாலும் பிள்ளை கூடவே ஓடிவரும். அடைகளால் வளர்த்தால் நின்றுவிடும்.

தொல்காப்பியத்தின் உவமவியல், உவமை பிறக்கும் இடங்களை வினை, பயன், மெய், உரு என்று நான்காகச் சொல்கிறது. ஒரு பொருள் என்ன செய்கிறது, எதற்கு உதவுகிறது, எந்த வடிவில் இருக்கிறது, என்ன நிறத்தில் இருக்கிறது என்று விரித்துக்கொள்ளலாம். தொல்காப்பியர் அந்த வரிசையை ஏன் வைத்தார் என்று உரை சொல்ல நான் வரவில்லை. ஆனால், பிள்ளைகளின் வரிசை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் பெரும்பாலும் அதைத் தலைகீழாக எழுதுகிறோம்: முதலில் நிறம், பிறகு வடிவம், இடம் மிஞ்சினால் அது செய்யும் வேலை.

அன்று வாசிப்பை அத்துடன் நிறுத்திவிட்டு, பிள்ளைகளை வாவிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒன்றை, அதைக் காணாத ஒருவருக்குச் சொல்வதைப் போலச் சொல்ல வேண்டும் என்பதுதான் விளையாட்டு. கரையில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கை ஒரு சிறுமி, "பரீட்சைக்கு நிக்கிற சேர் மாதிரி, பார்க்காத மாதிரி நிண்டு பார்க்குது" என்றாள். கம்பத்தில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகத்தை, "தன்ர சேட்டைத் தானே காயப்போட்டுட்டு நிக்குது" என்றான் ஒருவன். நண்டு பக்கவாட்டில் ஓடுவதைக் கண்டவன், "சனம் நிறைஞ்ச பஸ்ஸில பின்னுக்குப் போற ஆள் மாதிரி" என்றான். கொக்கின் வெண்மையையோ நீர்க்காகத்தின் கருமையையோ யாரும் சொல்லவில்லை. நிறத்தைச் சொன்னது ஒரே ஒரு பிள்ளைதான். மழை வெள்ளம் கலந்து பழுப்பாகக் கிடந்த வாவியைப் பார்த்து, "பிளேன்ரீ" (பால் விடாத தேநீர்) என்று ஒரு சொல்லோடு அவள் முடித்துக்கொண்டாள். என்னுடைய வெள்ளி நீர்ப்பரப்பு அத்துடன் கரைந்துபோயிற்று.

உவமை, சொல்ல வந்த பொருளைவிட உயர்ந்த ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கருத்தும் உவமவியலில் உண்டு. செய்யுளுக்கு அது பொருந்தும். சிறுவர் கதைக்கு வரும்போது, உயர்ந்தது என்பதை நெருங்கியது என்று நான் மாற்றிக்கொள்கிறேன். விளைந்த வயலைப் பட்டுக் கம்பளம் என்று எழுதுகிறோம்; படுவான்கரைப் பிள்ளை வட்டையில் விளைந்த நெல்லைப் பிறந்த நாளிலிருந்து பார்த்து வருகிறது, பட்டுக் கம்பளத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. தெரிந்ததைத் தெரியாததைக் கொண்டு விளக்குவதால் யாருக்கு என்ன பயன்? வெண்மைக்கு நம்மிடம் முட்டியில் உறைந்த எருமைத் தயிர் இருக்கிறது, அதன் மேலே படிந்த ஆடையும் இருக்கிறது. பனியைக் கண்டறியாத கரையில் பனிபோன்ற வெண்மையைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

மட்டக்களப்பைப் பற்றி எழுதுபவர் எவரும் பாடும் மீன்களை விட்டுவைப்பதில்லை. நானும் விட்டுவைக்கவில்லை, "மீன்கள் இனிய கீதம் இசைத்தன" என்று இரண்டாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். கேட்காத ஒன்றை இனிமை என்று சொல்லிக் கடந்துவிடுவதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. இலங்கையில் ஆங்கிலேய ஆட்சியின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1848 செப்டெம்பரில் இந்த வாவியில் தோணியில் போய் அந்த ஒலியைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். நனைந்த விரலால் வைன் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லிய அதிர்வைப் போல இருந்தது என்கிறார். அது நீண்டு செல்லும் ஒரே சுரமாக இல்லாமல், ஒன்றோடொன்று கலக்காத எண்ணற்ற சின்னஞ்சிறு ஒலிகளாக இருந்தது என்றும் சொல்கிறார். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அடுத்து வரும் செய்தி: தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி பெரிதாகியது. இனிமை, கீதம் என்ற சொற்கள் பிள்ளைக்கு எதையும் தரமாட்டா. மரத்தில் காதை வைத்தல் என்பது, பிள்ளை இப்போதே மேசையில் செய்து பார்க்கக்கூடிய ஒரு வேலை. வைன் கிண்ணம் நம் வீடுகளில் இல்லை. கண்ணாடித் தம்ளர் இருக்கிறது. விரலை நனைத்து அதன் விளிம்பில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் என்னுடைய அந்த வரியைத் திருத்தினேன். பத்து நிமிடம் தேய்த்த பின் ஒலி வந்தது.

அந்த ஒலி எதிலிருந்து வருகிறது என்று டெனன்ட் கேட்டபோது, மீனவர்கள் அவருக்குக் காட்டியது ஊரி என்ற ஓட்டு நத்தையைத்தான். அழுகின்ற ஊரி என்று பொருள்படும் ஒரு பெயரை அவர்கள் அதற்குச் சொன்னதாக அவர் குறித்திருக்கிறார். மீன் பாடுகிறது என்பதைவிட ஊரி அழுகிறது என்பதில் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கேள்வி இருக்கிறது! ஏன் அழுகிறது, யாரைத் தேடி அழுகிறது என்று உடனே கேட்கத் தோன்றுகிறது அல்லவா?

காதுக்குத் தமிழில் இருக்கும் செல்வம் இரட்டைக்கிளவி. சளசள, மடமட, நறநற என்று ஒலிக்கு இருப்பதைப் போலவே, பிசுபிசு, கொழகொழ, சொரசொர என்று தொடுகைக்கும் இருக்கிறது. வாவிக்கரைச் சேற்றில் கால் புதைவதைக் கொழகொழ என்ற ஒரு சொல் சொல்லிவிடும். அதற்கு மேல் எந்த அடையும் வேண்டாம். இவற்றை எழுதினால் சிறுபிள்ளைத்தனம் என்று நினைப்பவர்கள் சிறுபிள்ளைகளுக்கான பத்திரிகைகளிலும் இருக்கிறார்கள் என்பதுதான் விந்தை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவர் இதழுக்கு நான் அனுப்பிய கதை திரும்பி வந்தபோது, வெள்ளாப்பு என்ற சொல் அதிகாலை என்றும், செக்கல் நேரம் என்பது மாலைப்பொழுது என்றும், கிறுகிப் பார்த்தான் என்பது திரும்பிப் பார்த்தான் என்றும் சிவப்பு மையில் மாற்றப்பட்டிருந்தன. எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும் என்ற அவர்களுடைய கவலையில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதிகாலை கடிகாரத்தில் இருக்கும் ஒரு நேரம். வெள்ளாப்பில் வானம் வெளுப்பது தெரிகிறது. செக்கலில் வானம் சிவப்பது தெரிகிறது. வருணனை அந்தச் சொற்களுக்குள்ளேயே இருந்தது; அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்பப் பொன்னிற வானம் என்று இரண்டு சொற்களைச் சேர்த்திருந்தார்கள். வேற்றூர்ப் பிள்ளைக்கு விளங்காது என்ற பயத்துக்கு, "வெள்ளாப்பில் எழும்பினாள், முற்றத்தில் இன்னும் கால் தெரியவில்லை" என்று பக்கத்தில் ஒரு செயலை வைத்தால் போதுமானது.

உள்ளூர்ச் சொல் சில வேளைகளில் விளையாட்டையும் கொண்டுவரும். வைகாசிக்குப் பிறகு மேற்கேயிருந்து புழுதியோடும் சூட்டோடும் அடிக்கும் காற்றுக்கு எங்கள் பக்கத்தில் கச்சான் என்று பெயர். நிலக்கடலைக்கும் அதே பெயர்தான். "கச்சான் பெத்தாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தது" என்று வாசித்தபோது, வறுத்த கச்சான் சுருளொன்று கைகால் முளைத்து வந்ததைப் போல ஒரு பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. நான் அதை நினைத்து எழுதவில்லை. இருந்தாலும், எழுதியதைப் போலக் காட்டிக்கொண்டேன்.

அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வருணனைக்கு இல்லை. படுவான்கரையின் எல்லைக் கிராமங்களிலும், அம்பாறை மாவட்டத்தின் வயலோரக் குடியிருப்புகளிலும் வாழும் பிள்ளைகளுக்கு யானை என்பது, படப் புத்தகத்தில் பந்து விளையாடும் யானை அல்ல. அவர்கள் அதைப் பெரும்பாலும் இருட்டில், காதால் அறிகிறார்கள். வளவுக்குப் பின்னால் வாழைத்தண்டு கிழியும் சத்தம், பிறகு ஒன்றுமில்லாத ஓர் அமைதி, அயல் வீட்டில் தகரம் தட்டும் ஓசை, தூரத்தில் யானை வெடி. மறுநாள் காலையில் சரிந்துகிடக்கும் வேலியும் அதன் அருகே தண்ணீர் தேங்கிய பெரிய காலடியும். அப்படி ஓர் ஊரிலிருந்து வந்த பிள்ளை எழுதிய கட்டுரையை ஒருமுறை திருத்த நேர்ந்தது. யானையைப் பற்றிய அந்தக் கட்டுரையில் தும்பிக்கை, தந்தம் எதுவும் இல்லை. "அம்மா விளக்கை நூத்தா. நாங்க மூச்சுவிடல்ல" என்று இருந்தது. பார்க்கப்படும் பொருளை விட்டு, பார்ப்பவரின் உடம்பில் நடப்பதை எழுதினாலும் அது வருணனைதான். அச்சம் முதலான மெய்ப்பாடுகளை உடம்பில் தோன்றுபவையாகப் பழைய இலக்கணம் பேசுவதும் இதற்கு நெருக்கமானதே. விளக்கை அணைத்தார் என்பதற்கு எங்கள் பேச்சில் வரும் நூத்தாவை மட்டும் நான் அந்தக் கட்டுரையில் நூர்த்தார் என்று திருத்திவிட்டு, பிறகு அதையும் அழித்துவிட்டேன்.

எவ்வளவு வருணிப்பது என்ற கேள்விக்கு அளவு சொல்ல முடியாது. நான் இப்போது கடைப்பிடிப்பது ஒன்றுதான்: கதையில் பின்னால் வேலை இருக்கும் பொருளை மட்டும் நின்று பார்ப்பேன். தோணியின் ஓட்டையைப் பார்த்தால் பின்னால் தண்ணீர் ஏற வேண்டும். தயிர் முட்டியின் வாய் உடைந்திருக்கிறது என்று எழுதினால், யாராவது அதில் விரலை வெட்டிக்கொள்ள வேண்டும், அல்லது அந்த உடைப்பை வைத்து அது யாருடைய முட்டி என்று கண்டுபிடிக்க வேண்டும். வேலை இல்லாத கண்ணா மரங்களையும் பனித்துளிகளையும் எடுத்துவிட்டேன். கண்ணா மரத்தின் மேல் எனக்கு ஆசை அதிகம் என்பதால், அதன் வேரில் தோணிக் கயிறு சிக்குவதாக மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு நிகழ்ச்சியை வைத்து அதைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதற் பந்தி இப்போது இப்படி இருக்கிறது:

"மலர் தோணியில் கால் வைத்தாள். தோணி ஆடியது. பெத்தா ஆடவில்லை. 'நடுவில இரு மகள்' என்றார் பெத்தா. மலர் நடுவில் இருந்தாள். பலகை ஈரம், பாவாடை சில்லென்று ஒட்டியது. பெத்தா கம்பை ஊன்றினார். சேறு கம்பைப் பிடித்துக்கொண்டது. பெத்தா இழுத்தார். சேறு சொளக்கென்று விட்டது. தோணி முன்னால் போனது. மலரின் முதுகு சுட்டது. கடலால் ஏறிய வெயில் அவர்களுக்குப் பின்னாலேயே தோணியில் வந்தது."

ஒரு பெண், அதுவும் வயதானவர், தோணி தாங்குவாரா, அதாவது கம்பூன்றி ஓட்டுவாரா என்று வளர்ந்தவர் ஒருவர் என்னிடம் கேட்டார். என் அம்மாவின் அம்மா, முழங்கால் விட்டுப்போகும் வரை தாங்கியவர். பிள்ளைகள் யாரும் அதைக் கேட்கவில்லை. மேலே உள்ள பந்தியில் நிறம் ஒன்றுகூட இல்லை என்பதையும் அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. சூரியோதயத்துக்கு நான் செலவழித்த மூன்று வாரத்தில் மிஞ்சியது, முதுகு சுட்டது என்ற இரண்டு சொற்கள் மட்டுமே. மலர் மேற்கே போகிறாள், ஆகவே காலை வெயில் அவளுடைய முதுகில் விழ வேண்டும் என்பது, பொடியனின் திருத்தம் இல்லாவிட்டால் எனக்குத் தோன்றியிருக்காது.

இதைத் திருப்பி வாசித்த அன்றும் அவன் முன்வரிசையில்தான் இருந்தான். மலர் தோணியில் ஏறிவிட்டாள் என்பதில் பின்வரிசைச் சிறுமிக்குத் திருப்தி. அவன் மட்டும் எதையோ விரலால் பாயில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை உயர்த்தினான்.

"ரீச்சர், பின்னேரம் திரும்பி வரக்குள்ளயும் வெயில் முதுகிலதானே அடிக்கும்?"

நானும் மனதுக்குள் கோடு போட்டுப் பார்த்தேன். காலையில் மேற்கு நோக்கிப் போனால் வெயில் முதுகில். மாலையில் கிழக்கு நோக்கி வந்தால் அப்போதும் முதுகில்தான். என்னுடைய கடைசி அத்தியாயத்திலோ, வீடு திரும்பும் மலரின் முகமெல்லாம் செக்கல் வானத்தின் சிவப்பு நிறைந்திருந்தது. அந்தச் சிவப்பு முகத்தில் பட வேண்டுமானால் அவள் ஓடும் தோணியில் கிறுகி இருக்க வேண்டும். நடுவில் அசையாமல் இருக்கும்படி பெத்தா முதற் பந்தியிலேயே சொல்லிவிட்டார். மலர் அவருக்குத் தெரியாமல் எப்படிக் கிறுகுவாள் என்பதை நான் இன்னும் எழுதி முடிக்கவில்லை.